நான் மட்டப்படுத்திய மேசை

1991ஆம் ஆண்டு நான் அந்த உயர்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தேன். லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த, அரசு உதவி பெறும் கன்னட வழிப் பள்ளி அது. அதற்கு முன் எட்டு வருடம் ஒரு தொழிற்சாலையில், இரும்பு வார்ப்பதற்கு மரத்தில் மாதிரி செய்யும் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு நூல் அளவு பிசகினாலும் மேற்பார்வையாளர் அதைத் தூக்கி எறிந்துவிடுவார். அந்தப் பிரிவையே மூடியபோது, ஐ.டி.ஐ. சான்றிதழையும் அந்தப் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தேன்.

பள்ளியின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் பட்டறை. எட்டாம் வகுப்புக்கு ஒரு மரத்தட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு முக்காலி, பத்தாம் வகுப்புக்குப் புத்தக அலமாரி. படத்தை நான் கரும்பலகையில் வரைவேன். நாற்பது பிள்ளைகளும் அதே அளவில் அதையே செய்வார்கள். வருடக் கடைசியில் நாற்பது முக்காலிகளையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை வைப்பேன். குமிழி நடுவில் நின்றால் முழு மதிப்பெண். விலகினால் விலகிய அளவுக்குக் குறைப்பேன். இதைவிட நேர்மையான பரீட்சை பள்ளியிலேயே கிடையாது என்று மற்ற ஆசிரியர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

நான்கைந்து வருடம் கழித்துப் பாடத்திட்டம் மாறியது. இனிமேல் ஆசிரியர் படம் வரைந்து கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் தங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு தேவையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, தாங்களே வரைந்து, செய்து, பயன்படுத்திப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். செய்த பொருளுக்கு எவ்வளவு மதிப்போ நோட்டுக்கும் அவ்வளவு மதிப்பு. எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். "நீங்க பதில் சொல்லாதீங்க. அவங்களைக் கேள்வி கேக்க விடுங்க" என்றார் பயிற்சி கொடுத்தவர். டீ குடிக்க வெளியே வந்தபோது, "ரம்பத்தை நேரா பிடிக்கத் தெரியாதவன் என்னத்த யோசிக்கப் போறான்?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். அளந்து பேசுகிற தமிழ்ப் பெண்மணி.

"சார், புது முறையை நல்லபடியா ஆரம்பிங்க. வருஷக் கடைசியில இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. நோட்டு இல்லாம மட்டும் இருக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். முக்காலி, அலமாரி, துண்டு மாட்டும் சட்டம் என்று மூன்று படங்களைத் தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, "இதுல ஒண்ணை எடுத்துக்கோங்க" என்றேன். பொருளைச் செய்து முடித்த பிறகு நோட்டில் தேவையை எழுதச் சொன்னேன். 'எங்கள் வீட்டில் உட்கார ஒரு முக்காலி தேவைப்பட்டது' என்று கன்னடத்தில் ஒரே வாக்கியம் முப்பது நோட்டுகளில் இருந்திருக்கும். இருந்திருக்கும் என்றுதான் சொல்ல முடிகிறது. நான் படிக்கவில்லை.

அதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. நான் இதே ஊரில், ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் வழியில் படித்தவன். கன்னடம் பேசினால் வெளியூர்க்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் படிக்க உட்கார்ந்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். இது பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். நோட்டுகளை வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வீடு நீலசந்திராவில். அவளுடைய அத்தை எங்கள் பள்ளியில் ஆயாவாக இருந்ததால் அவ்வளவு தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். மற்ற பிள்ளைகள் படங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"சார், நான் இந்த மூணையும் செய்யல. எங்கம்மாவுக்கு ஒரு சின்ன மேசை செய்யட்டுமா?"

"எதுக்கு?"

"அம்மா வீட்ல ஊதுபத்தி உருட்டுறாங்க. முட்டி மடங்க மாட்டேங்குது சார். கீழ உட்கார முடியல. பொட்டி மேல உட்கார்ந்துக்கிட்டு உருட்டுற மாதிரி ஒண்ணு வேணும்."

சரி என்றேன். புதிய முறையில் ஒன்றாவது இருந்தால் அதிகாரிக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். அந்தக் கணக்கைத் தவிர வேறு நல்லெண்ணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

அவள் மதிய உணவு நேரத்தில் வந்து வேலை செய்தாள். ஒரு நாள் துடைப்பக் குச்சிகள் நான்கை நூலால் கட்டி எடுத்து வந்திருந்தாள். "ஸ்கேல் இருக்கும்போது இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "வீட்ல இதுதான் சார் சுலபமா இருந்துச்சு" என்றாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் ஒரு பையன் இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டப் போய்விட்டேன். மேல்பலகையை இழைப்பதற்கு மட்டும் கை கொடுத்தேன். கால்களை அவளே வெட்டி, அவளே பொருத்தினாள்.

மறுநாள் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு நான் தனியாக நின்று பொருட்களை வரிசையாக அடுக்கினேன். அவளுடைய மேசையைத் தரையில் வைத்தேன். ஆடியது. தலைகீழாகத் திருப்பி அளந்தேன். நான்கு கால்களில் இரண்டுகூட ஒரே அளவில் இல்லை. மிகக் குட்டையான காலுக்கும் மிக நெட்டையான காலுக்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம். எனக்குக் கோபம்கூட வரவில்லை, இரக்கம்தான் வந்தது. படம் வரைந்து கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். குட்டைக் காலின் அளவுக்கு மற்ற மூன்றிலும் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிமிர்த்தி வைத்து ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. அவளுடைய நோட்டு அதே மேசைமேல், ரசமட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நகர்த்தி வைத்துவிட்டு, கொட்டகையைப் பூட்டிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் அவள் சீக்கிரமே வந்தாள். மேசையைப் பார்த்ததும் குனிந்து ஒரு காலின் அடியை விரலால் தடவினாள்.

"சார், கால வெட்டிட்டீங்களா?"

"ஆடிச்சும்மா. சரி பண்ணியிருக்கேன். இனிமேலாவது ஒழுங்கா அளந்து வெட்டக் கத்துக்கோ."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. நான் சட்டையைச் சரி செய்துகொண்டு ஓடினேன்.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அதிகாரி. முக்காலிகளின் முன்னால் அவர் நிற்கவே இல்லை. மேசையின் முன்னால் நின்று, கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் படித்தார். என் கொட்டகையில் ஒரு நோட்டை யாரோ படிப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, கன்னடத்தில் கேட்டார். நான்கு காலுக்கும் நான்கு அளவு என்று எழுதியிருக்கிறாய், அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறாய், இங்கே எல்லாக் கால்களும் ஒரே அளவில் இருக்கின்றனவே?

காரணம் என்னவென்று தெரியாவிட்டாலும் என்ன செய்துவிட்டேன் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. 'நான்தான் வெட்டினேன் மேடம்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் அதிகாரியிடமிருந்து மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். தலைமை ஆசிரியை என் பக்கத்தில் இருந்தார். முப்பத்தொன்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரமில்லை. பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"தப்பாகி பரதுபிட்டே மேடம்."

தப்பாக எழுதிவிட்டாளாம்.

அதிகாரி நோட்டை மூடினார். "இவ்வளவு அழகா எழுதியிருக்கா. ஆனா எழுதினது ஒண்ணு, செஞ்சது ஒண்ணுன்னா எதை நம்பறது? நீங்களே பார்த்து கிரேடு போடுங்க" என்று என்னிடம் கன்னடத்தில் சொல்லிவிட்டு, பேனாவை நீட்டினார். முக்காலி செய்தவர்களுக்கெல்லாம் 'ஏ' போட்டிருந்தேன். அவள் பெயருக்கு எதிரே 'சி' போட்டேன். அதிகாரி கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நோட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அம்மாவின் முட்டி எத்தனை நாளாக வலிக்கிறது, எந்த இடத்தில் உட்கார்ந்தால் வெளிச்சம் விழுகிறது என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். அடுத்து அவர்கள் வீட்டுத் தரை. ஒரே அறை. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதன் ஒரு மூலையில். தண்ணீர் வடிவதற்காகத் தரை முழுவதும் அந்த மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மேசையை வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். உருட்டி வைத்த குச்சிகள் ஓடி விழுந்தன. அதனால் அவள் ஒரு பலகையைச் செங்கற்கள் மேல் வைத்து, பலகைமேல் ஒரு சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நாலாபக்கமும் விளிம்பிலிருந்து ஒரே அளவில் நிற்கும்வரை செங்கற்களுக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகியிருக்கிறாள். பிறகு பலகையின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் தரைவரை ஒரு துடைப்பக் குச்சியை வைத்து, சரியாக ஒடித்திருக்கிறாள். அறையை மேலிருந்து பார்ப்பது போல ஒரு படம். நான்கு மூலைகளில் நான்கு அளவுகள். படத்தின் கீழே எழுதியிருந்தது: 'இந்த மேசை எங்கள் வீட்டில் மட்டும் ஆடாமல் நிற்கும். வேறு இடத்தில் வைத்தால் ஆடும். அது தவறு அல்ல.'

அந்த வரியின் பக்கத்தில் என் சிவப்பு டிக் இருந்தது.

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு லெட்டர் எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். கிரேடை மாத்திக் குடுப்பாங்க" என்றார். அடுத்த நாளே எழுதிக்கொண்டு போனேன். மாணவியின் மேசைக் கால்கள் தவறுதலாக வெட்டப்பட்டுவிட்டன என்று எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"யார் வெட்டினாங்கன்னு எழுதுங்க சார்."

எழுதிக் கொடுக்கிறேன் என்று வாங்கி வந்தேன். பரீட்சை வந்தது, கோடை விடுமுறை வந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது அவர் அதே நிர்வாகத்தின் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்தக் கடிதம் என் டிராயரிலேயே கிடந்தது. புதிதாக வந்தவரிடம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு காரியம் மட்டும் செய்திருந்தேன். நோட்டில் இருந்த அளவுகளைப் பார்த்து மூன்று மரத்துண்டுகள் அறுத்து எடுத்துக்கொண்டு நீலசந்திராவுக்குப் போனேன். அவளுடைய அத்தையிடம் விலாசம் வாங்கியிருந்தேன். கதவைத் திறந்தது அவள் அம்மா. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் முந்தானையால் பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார். கை முழுக்க ஊதுபத்தி மாவின் கரி. மேசை கதவோரமாக இருந்தது. மூன்று கால்களின் அடியிலும் உடைந்த ஓட்டுத் துண்டுகள்.

"என்னென்னமோ பண்ணா சார் இவ. தட்டுல தண்ணிய ஊத்தி மூணு நாள் அளந்தா. யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாதுன்னா. கடைசியில அளவு தப்பாப் போச்சும்மான்னு தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா. கவனம் பத்தல சார் இவளுக்கு."

பெண் உள்ளே குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நான் மேசையைத் திருப்பி, மூன்று கால்களிலும் துண்டுகளை வைத்துத் திருகாணி முடுக்கினேன். நிமிர்த்தி வைத்தபோது அந்தச் சாய்ந்த தரையில் மேசை அசையாமல் நின்றது. அம்மா பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு குச்சியை உருட்டி, கையை எடுத்தார். குச்சி அப்படியே இருந்தது. அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"பாத்தியாடி? சார் கை வெச்சதும் எப்படி ஆயிடுச்சு!"

"இல்லம்மா, இது அவ அளவுதான். அவ சரியாத்தான்..."

"நீங்க விட்டுக் குடுக்க மாட்டீங்க சார். சாருங்கன்னா அப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே காபி போட எழுந்தார். நான் அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கெடுத்தவனுக்கே பாராட்டு, செய்தவளுக்குத் திட்டு. காபியையும் வாங்கிக் குடித்தேன்.

"டிப்ளமோ படிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா சார். இந்த மேசையே ஒழுங்கா வரல, அதெல்லாம் உனக்கு எதுக்குன்னு சொல்லிட்டேன். பத்தாவது முடிச்சதும் காமர்ஸ் எடுக்கட்டும். என்ன சார் சொல்றீங்க?"

"நல்லா படிக்கிற பொண்ணு. அவ இஷ்டப்படி விடுங்கம்மா" என்றேன். அது ஒரு பதிலா?

சந்து முனைவரை அவள் என்னுடன் வந்தாள். அங்கே நின்று கேட்டேன்.

"அன்னைக்கு ஏம்மா நீ சொல்லல?"

"என்ன சார் சொல்றது? சொன்னா நீங்க நோட்டைப் படிக்கலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் படிக்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நடுவுல ஒரு பக்கம் ஒண்ணும் எழுதாம விட்டிருந்தேன் சார். அதுக்கும் டிக் போட்டிருந்தீங்க."

குத்திக் காட்டுகிற மாதிரி அவள் அதைச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "பஸ் வருது சார்" என்று கை காட்டினாள். ஏறிக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் ஜன்னல் வழியாகக்கூடச் சொல்லவில்லை. ஆசிரியர் மாணவியிடம் அப்படிச் சொல்லும் வழக்கம் எங்கள் காலத்தில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அந்த மூன்று படங்களையும் கிழித்துப் போட்டேன். யாருக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டுத்தான் மரத்தை வெட்டவே விட்டேன். ஆனால் அவள் வந்து, "சார், அந்தப் பழைய அலமாரி படம் இருக்கா?" என்று கேட்டாள். வேறு ஏதாவது யோசித்துச் செய்யேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இதுவே போதும் சார்" என்றாள். நினைவிலிருந்து வரைந்து கொடுத்தேன். படத்தில் இருந்தபடியே செய்தாள். மூலைகள் அத்தனையும் சரியாகப் பொருந்தின. 'ஏ' போட்டேன். அவள் அதைப் பார்க்கவும் வரவில்லை. பத்தாவது முடித்துக் காமர்ஸ் சேர்ந்துவிட்டதாக அத்தை சொன்னார்.

நான் மாறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் காலையில் கன்னடச் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்துப் பழகினேன். ஒரு வருடத்தில் நோட்டுகளை ஓரளவு வேகமாகப் படிக்க முடிந்தது. பிள்ளைகள் என்னென்னவோ செய்தார்கள். ஒற்றைக் கையால் பூ கட்டுவதற்கு ஒரு சட்டம், மழையில் கூரை ஒழுகும் இடத்துக்குத் தகரத்தில் ஒரு வாய்க்கால். பாதி சரியாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர்கள் எழுதியதைப் படிப்பது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு பாடத்திட்டம் இன்னொரு முறை மாறியபோது, பயிற்சி வகுப்பில் பேச என்னையே கூப்பிட்டார்கள்.

அந்த வகுப்பில் மேசைக் கதையைச் சொன்னேன். 'ஒரு பள்ளியில் ஒரு ஆசிரியர் இருந்தார்' என்று ஆரம்பித்தேன். அவர் நோட்டைப் படிக்காமல் கால்களை வெட்டியதையும், ரசமட்டம் வைத்து மகிழ்ந்ததையும் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பின்வரிசையில் இருந்த ஓர் இளம் ஆசிரியை மட்டும் கையைத் தூக்கினார்.

"அந்த சார் அப்புறமாவது அந்தப் பொண்ணுகிட்ட சாரி கேட்டாரா சார்?"

"தெரியலைம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவுக்குப் போனேன். சந்து அதேதான், வீடுகள் மாறியிருந்தன. அவர்கள் இருந்த வரிசையை இடித்து மூன்று மாடி கட்டியிருந்தார்கள். கீழ்வீட்டில் இருந்தவர் வேலைக்காகச் சேலத்திலிருந்து புதிதாக வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிர்க் கடைக்காரரைக் கேட்டேன். "ஊதுபத்தி அம்மாவா? அவங்க காலி பண்ணி நாலஞ்சு வருஷம் ஆகுதே. பொண்ணு கல்யாணம் ஆகி ஓசூர் பக்கம் போயிட்டா, அம்மாவும் கூடவே போயிட்டாங்க" என்றார். அத்தை அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஓசூரில் எங்கே என்று கடைக்காரரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "ஏதாவது சொல்லணுமா சார்? வந்தா சொல்றேன்" என்றார் கடைக்காரர். சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்ல முடியாது. ஒன்றுமில்லை, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.